முதலில் வடத்தை விடுவது யார்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. நான் சொல்லப்போவது எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குச் சொன்னவர், கீழே டிக்கெட் கொடுக்கிறாரே ஞானப்பழம் அண்ணாச்சி, அவர்தான். அவருக்கு அவருடைய மாமனார் சொன்னாராம். மாமனாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஊரே சொல்லிச்சுலே" என்றார். ஊரே சொன்னது என்றால் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். அதனால் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இந்தப் பெட்டி மேல் உட்காருங்கள். உட்காரக் கூடாது என்று எழுதித்தான் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் உட்காரலாம் என்று நானாக முடிவு செய்திருக்கிறேன். யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இப்போதைக்கு வரமாட்டார்கள். இயந்திர அறைக்கு இறங்குகிற ஏணி செங்குத்தாக இருக்கும். இறங்கியவர்கள் மறுபடி ஏறுவதற்குத் தைரியம் வரும்வரை கொதிகலனைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

நான் இங்கே வழிகாட்டி. வரலாறு படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதில் ஒரு சிரமம் இருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் ஏதாவது எனக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்று எப்போதும் ஒரு பயம். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். சரிபார்க்க முடியாததை, சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லிவிடுவேன். இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம். அது இருக்கட்டும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற கப்பலின் பெயர் 'ஆழித்தேர்'. தென்னரசுக் கடற்படையின் போர்க்கப்பல். இதே அச்சில் மூன்று கட்டுவதாகத் திட்டம். முதல் கப்பலின் பெயரே மொத்த வகைக்கும் பெயர் என்பது கடற்படை வழக்கம். அதனால் மூன்றுக்கும் சேர்த்து ஆழித்தேர் வகுப்பு.

அந்தப் பீரங்கிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு. இப்போது பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் பாத்திரக்கடை மாதிரி இருக்கும். பெரிதாக நாலு, நடுத்தரத்தில் சில, சின்னதாக ஒரு கும்பல். சண்டையில் எல்லாம் ஒன்றாகச் சுடும். தூரத்தில் குண்டு விழுந்து கடல் தண்ணீர் எழும்பும். எந்தத் தண்ணீர் எந்தப் பீரங்கி எழுப்பியது என்று யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த குண்டைத் தூரம் கூட்டிச் சுடுவதா குறைத்துச் சுடுவதா என்றும் தெரியாது. ஆவுடைநாயகம் என்று ஒரு பொறியாளர் இங்கே இருந்தார். எல்லாப் பீரங்கியும் ஒரே அளவாக, பெரிதாக இருந்தால் என்ன என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் அந்தக் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

அவர் உப்பளத் தொழிலாளியின் மகன். அவர் வீட்டிலும் படித்த முதல் ஆள் அவர்தான். அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. வழிகாட்டிக்கு அது கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேற்கே ஒரு நாட்டிலும் யாரோ அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரிக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே அரசவையில் பாதிப் பேருக்கு இந்தக் கப்பலே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். உலகத்தில் இந்த மாதிரிக் கப்பல்களில் முதலாவதாக நம்முடையது கடலில் இறங்கினால் மற்ற இரண்டையும் கட்டலாம். மேற்கத்திக் கப்பல் முந்திக்கொண்டால் இதோடு சரி. ஆவுடைநாயகம் மறுபடி உப்பளத்துக்குப் போகலாம். இதை முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம்.

கப்பல் சித்திரையில் தயார். கடலில் இறக்குவதற்குப் பெரிய ஓதம் வேண்டும், அதாவது கடல் நன்றாக ஏறி வர வேண்டும். சித்திரைப் பௌர்ணமிக்கு ஏறும். அதை விட்டால் ஐப்பசி. ஐப்பசிக்குள் மேற்கத்திக் கப்பல் நிச்சயம் இறங்கிவிடும். ஆக, சித்திரைப் பௌர்ணமி. அதுதான் அவருக்கு இருந்த ஒரே நாள்.

கப்பல் கட்டுவதில் ஒரு தகராறும் இல்லை அக்கா. இறக்குவதில்தான்.

இந்த ஊர் கொடித்துறை இருக்கிறதே, இது தேர் இழுத்துப் பழகிய ஊர். இங்கே எது நகர்ந்தாலும் வடம் பிடிக்க வேண்டும். புது அரவை இயந்திரம் வந்து இறங்கியபோது அதற்கும் வடம் பிடித்தவர்கள். கப்பலுக்குப் பெயரே தேர் என்று வைத்துவிட்டு வடம் இல்லை என்றால் விடுவார்களா? வடம் என்றால் முதல் கை யாருடையது? அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு பக்கம் தோணித்துறைக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் சந்தனமாரித் தண்டல். தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். மறுபக்கம் பட்டறைத் தெருக்காரர்கள், கப்பலுக்கு இரும்பு அடித்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் உலகளந்த மூப்பர். இருவரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஊரில் நல்ல பெயர். தனித்தனியாகப் பார்த்தால் தங்கமான மனிதர்கள் என்று அண்ணாச்சியே சொல்வார்.

பொறியாளர் இருவரையும் கப்பல் துறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஓடப்போறது கடல்ல. கடல்ல ஓடுறது எதுவா இருந்தாலும் முதல் கை எங்க கை" என்றார் தண்டல்.

"ஓடுறதுக்கு முந்தி அது இரும்புவே. ஆணி பூராம் நாங்க அடிச்சது. நாங்க ஆணியப் பிடுங்கிட்டுப் போயிட்டா நீரு எதுல போயி ஓடுவீரு?" என்றார் மூப்பர்.

"பிடுங்கும். பிடுங்கிட்டு உம்ம பட்டறையில வச்சு ஓட்டும்."

ஆவுடைநாயகம் இடையில் புகுந்தார். படித்தவர் இல்லையா, உண்மையைச் சொன்னால் சண்டை முடிந்துவிடும் என்று நினைத்தார். "பெரியவங்க ரெண்டு பேரும் கோவிச்சுக்கிடக் கூடாது. இதுக்கு வடமே வேண்டாம். சரிவுல கொழுப்புத் தடவித்தான் கப்பல நிறுத்தியிருக்கு. தடைக்கட்டையத் தட்டிவிட்டா அது தானாப் போயிரும்" என்றார்.

இருவரும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பினார்கள். இருவரும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தானாம்.

"தானாப் போகுமா?" என்றார் தண்டல்.

"போகும்."

"அப்ப நாங்க எதுக்குவே?" என்றார் மூப்பர்.

 இதற்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் இன்றுவரை தோன்றவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு உண்மையையும் சொன்னார். கப்பல் மூக்கு முன்னால் போகாது, பின்பக்கமாகத்தான் கடலில் இறங்கும் என்றார். எல்லா ஊரிலும் அப்படித்தான் அக்கா, அதை நான் சரிபார்த்துவிட்டேன். பின்பக்கம் அகலம். தண்ணீரில் பட்டதும் மிதக்கத் தொடங்கிவிடும். மூக்கு ஒல்லி, முதலில் இறங்கினால் குத்திக்கொண்டு போகும். அதனால் கப்பலைக் கட்டும்போதே முதுகைக் கடலுக்கும் முகத்தை ஊருக்கும் காட்டித்தான் நிறுத்துவார்கள்.

"தேரு பின்னால போனா ஊருக்கு ஆகுமாவே?" என்று இருவரும் கேட்டார்கள்.

"இது தேர் இல்லீங்க."

"பேரு வச்சது யாரு?"

பெயர் வைத்தது அரசர்.

பிறகு ஒரு மாதம் இதே பேச்சு. பௌர்ணமி நெருங்குகிறது. சரிவில் தடவிய கொழுப்பு வெயிலில் உருகி உருகி மறுபடி மறுபடி தடவுகிறார்கள். இருவரில் யாருக்கு முதல் கை என்று முடிவாகவில்லை என்றால் இரண்டு தெருவும் வேலைக்கு வராது. ஆள் வராமல் முட்டுக்கட்டைகளை எடுக்க முடியாது. ஆவுடைநாயகம் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். மேற்கத்திக் கப்பலும் ஏறக்குறையத் தயார் என்று செய்தி வந்தது.

கடைசியில் இரண்டு வடம் என்று ஒத்துக்கொண்டார்கள். கப்பலின் மூக்கில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. சரி, யாருக்கு வலது? இடது வடத்தைப் பிடிப்பதற்கு இருவருமே செத்துப்போகலாம் என்றார்கள்.

இங்கேதான் ஆவுடைநாயகம் ஒரு வேலை செய்தார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் பிடிக்கும். நீங்கள் இப்போது என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வலது கைப்பக்கம் எனக்கு இடது கைப்பக்கம். சரிதானே? கப்பலின் முகம் ஊரைப் பார்த்து நிற்கிறது. வடம் பிடிக்கிறவர் கப்பலைப் பார்த்து நிற்பார். ஆக, கப்பலின் வலது அவருக்கு இடது. கடல்காரர்கள் எப்போதும் கப்பலின் கணக்கில்தான் வலம் இடம் சொல்வார்கள். பட்டறைக்காரர்கள் நம்மைப் போல, தன் கையை வைத்துச் சொல்வார்கள்.

அவர் தண்டலிடம் தனியாகப் போனார். "கப்பலோட வலது உங்களுக்கு" என்றார். மூப்பரிடம் தனியாகப் போனார். "உங்க வலது கைப்பக்கம் உங்களுக்கு" என்றார். இரண்டும் வேறு வேறு வடம். இரண்டும் வலது. ஒரு பொய் கூட இல்லை. தண்டல் வெளியே வந்து, "பாவம் அந்தாளு, இடதுன்னு தெரியாமலே ஒத்துக்கிட்டான்" என்று சிரித்தார். மூப்பரும் தன் தெருவில் போய் அதையே சொல்லிச் சிரித்தார். ஊர் முழுக்கச் சிரிப்பு. வேலை நடந்தது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கப்பல் பின்பக்கமாகக் கடலுக்குப் போகும். வடம் மூக்கில் கட்டியிருக்கிறது. பிடித்தவர்கள் விடாவிட்டால் வடம் அவர்களையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் சங்கு ஊதியதும் எல்லாரும் வடத்தை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி வைத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முந்தின நாள் தண்டல் அவரிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தாளு எப்ப விடுவாரு?"

"சங்கு ஊதினதும்."

"சரி. அவரு விட்டதும் நான் விடுதேன்."

கொஞ்ச நேரம் கழித்து மூப்பர் வந்தார். "தண்டல் எப்பவே விடுவாரு?"

"சங்கு ஊதினதும்."

"அவரு விடட்டும். பின்னாலயே நானும் விட்டுருதேன்."

ஆவுடைநாயகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய இரும்புமலை நகர ஆரம்பித்தால் கை தானாக விட்டுவிடும் என்று கணக்குப் போட்டார். கப்பலின் எடை, சரிவு, கொழுப்பு, தண்ணீரின் ஆழம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். இந்த ஒன்றை மட்டும் பொது அறிவுக்கு விட்டுவிட்டார்.

பௌர்ணமி அன்று காலை. ஓதம் ஏறுகிறது. ஊரே திரண்டு நிற்கிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிவட்டம் கட்ட வேண்டும் என்பதால் இரண்டு பூசாரிகள். ஒரு பூசாரி கொஞ்சம் வேகமாகக் கட்டிவிட்டார் என்று அவிழ்த்து மறுபடி கட்டினார்களாம்.

ஆவுடைநாயகத்தின் அப்பாவும் வந்திருந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்றார். முன்னால் வரச்சொல்லி மகன் ஆள் அனுப்பினார். "இங்கன நின்னாத்தான் கப்பல் முழுசாத் தெரியுது" என்று திருப்பிச் சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை அண்ணாச்சி தானாகச் சேர்த்திருக்கலாம். சேர்க்கக் கூடியவர்தான்.

தண்ணீர் குடியுங்கள் அக்கா. வெயில் ஏறுகிறது.

தடைக்கட்டையைத் தட்டினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியில் மரம் முனகியது. கப்பல் ஒரு சாண் நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்தது. சங்கு ஊதினார்கள். வடம் பிடித்திருந்த இரண்டு தெரு ஆட்களும் கையை விட்டார்கள். வடத்தின் தலைமாட்டில் நின்ற இருவர் மட்டும் விடவில்லை.

தண்டல் மூப்பரைப் பார்க்கிறார். மூப்பர் தண்டலைப் பார்க்கிறார். கப்பலை யாரும் பார்க்கவில்லை.

"விடும்வே" என்கிறார் தண்டல்.

"நீரு விடும். உம்ம கையில என்ன பசையா தடவியிருக்கு?"

"நான் விட்டுருவேன். நீரு விட்டுட்டுச் சொல்லும்."

இதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நடை ஓட்டமாயிற்று. ஓட்டம் சறுக்கலாயிற்று. சரிவு முழுக்கக் கொழுப்பு இல்லையா? இருவரும் உட்கார்ந்த வாக்கில், பட்டு வேட்டியோடு, பரிவட்டத்தோடு, ஒருவரை ஒருவர் பார்த்தபடியே கப்பலுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு கீறல் கூட இல்லை. கொழுப்பு அவ்வளவு நன்றாகத் தடவியிருந்தார்கள். ஊர் வாய் பிளந்து நிற்கிறது. கப்பல் கடலில் இறங்கி, கொஞ்சம் ஆடி, நேராக நின்றது. மிதந்தது. உலகத்தில் இந்த மாதிரி முதல் கப்பல். அந்த நேரத்தில் அதை யாருமே கவனிக்கவில்லை. இரண்டு தலைவர்களும் தண்ணீரில் விழுந்ததைத்தான் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் கடைசியில் நின்றவர் மட்டும் கப்பலைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இது அண்ணாச்சி சொன்னதில்லை, நான் நினைப்பது.

இருவரையும் தூக்கப் படகு போயிற்று. அங்கே அடுத்த சிக்கல். முதலில் ஏறுகிறவன் பயந்தவன் என்று ஆகிவிடும் அல்லவா?

"ஏறும்வே, உமக்கு மூச்சு வாங்குது" என்றார் மூப்பர், தண்ணீரில் மிதந்துகொண்டே.

"எனக்கு இது வீடுவே. இங்கனதான் கெடப்பேன். நீரு பட்டறைக்காரரு, துருப்பிடிக்கும், ஏறும்" என்றார் தண்டல்.

கடைசியில் படகுக்காரர்கள் ஒரு வலையை வீசி இருவரையும் ஒன்றாக அள்ளிவிட்டார்கள். வலைக்குள் யார் மேலே யார் கீழே என்று இருவரும் கேட்கவில்லை. மூச்சு வாங்கியிருக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் கையை எடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஒரு நொடி முன்னால் விட்டால் மரியாதை போய்விடுமா? எனக்கு இந்த மாதிரி மனிதர்களைப் புரிந்துகொள்ளவே முடிவதில்லை.

மேற்கத்திக் கப்பல் சில வாரம் கழித்துத்தான் இறங்கியது. அரசவை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மற்ற இரண்டையும் கட்டலாம் என்று உத்தரவு வந்தது. ஆவுடைநாயகம் ஜெயித்துவிட்டார். ஆனால் ஊர் அவரை விடவில்லை. நடந்ததற்கெல்லாம் யார் காரணம் என்று கூடிப் பேசினார்கள். தண்டல் மேல் தப்பில்லை, மூப்பர் மேலும் தப்பில்லை. கப்பல் பின்னால் போனதுதான் தப்பு. முன்னால் போயிருந்தால் இவ்வளவு அவமானம் நடந்திருக்காது. அடுத்த கப்பல் ஒழுங்காக, முகம் முன்னால் வைத்து, மரியாதையாகக் கடலில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தெருவும் வேலைக்கு வராது. இதில் இரண்டு தலைவர்களும் ஒரே கட்சி.

இதுவரை அண்ணாச்சி சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. இதற்குப் பிறகு அண்ணாச்சி சொன்னதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் என்ன சொல்கிறார் என்றால், ஆவுடைநாயகம் இரண்டாவது கப்பலைத் திருப்பி வைத்துக் கட்டினாராம். முகம் கடலுக்கு, முதுகு ஊருக்கு. எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டாராம். ஒல்லி மூக்கு குத்திக்கொண்டு போகாமலிருக்க அதற்கு அடியில் மரத்தில் பெரிய மிதவை ஒன்று கட்டினாராம். மூக்கு கடல் பக்கம் என்றால் வடம் பிடிக்கிறவர்கள் எங்கே நிற்பது? கடலில்தான். இரண்டு தலைவர்களும் இரண்டு படகில், வடத்தைப் பிடித்துக்கொண்டு, கப்பலுக்கு எதிரே நின்றார்களாம். சங்கு ஊதுவதற்கு முன்பே, கப்பல் முகத்தைக் காட்டிக்கொண்டு தங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் வடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். யார் முதலில் விட்டது என்று அதற்கப்புறம் தகராறே வரவில்லையாம். பக்கத்தில் நின்று பார்க்க யாரும் இல்லை.

நல்ல கதைதான். ஆனால் உலகத்தில் யார் பெருங்கப்பலைத் திருப்பி வைத்துக் கட்டுவார்கள்? ஒரு ஊரின் ரோஷத்துக்காக ஒரு பொறியாளர் அப்படிச் செய்வாரா? ஆவுடைநாயகம் படித்தவர். நான் நம்பவில்லை.

போன வாரம் ஒரு பெரிய குழு வந்திருந்தது. நான் இதே இடத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கையில் டீயோடு மேலே வந்தார். எனக்கும் ஒரு டீ, ஒரு வடை. தினமும் கொண்டுவருவார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேட்டுக்கொண்டே நின்றவர் நடுவில், "ரெண்டாவது கப்பலத் திருப்பி வச்சுல்லா கட்டுனான், அதச் சொல்லுலே தம்பி" என்றார். குழு முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. நான், "அதற்கு ஆதாரம் இல்லை" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். குழுவில் யாரோ சிரித்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

"சரிடே. படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. டீயை அந்தக் கட்டையின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். வடையையும் வைத்துவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து பேச்சில்லை. முன்பெல்லாம் ஆட்கள் ஏறும்போது கீழேயிருந்து, "தம்பி, ஆளு வருது, சட்டைப் பொத்தானப் போடு" என்று கத்துவார். இப்போது ஆட்கள் திடீரென்று வந்து நிற்கிறார்கள். உங்களைப் பார்த்ததும் நான் திடுக்கிட்டேனே, அதனால்தான்.

நான் ரோஷக்காரன் இல்லை அக்கா. எனக்கு அதெல்லாம் கிடையாது. அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் பத்து வார்த்தை பேசுவேன். ஆனால் எழுந்து போனது அவர். போனவர்தானே திரும்பி வர வேண்டும்? இன்று காலை ஏணிச் சங்கிலியைத் திறக்கும்போது என்னைப் பார்த்து இருமினார். இருமல் பேச்சாகாது. நானும் தொண்டையைச் செருமினேன். அதுவும் பேச்சாகாது என்று அவருக்குத் தெரியும்.

என்ன? இல்லை, வீம்பு இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது.

அதற்காக விஷயத்தைச் சரிபார்க்காமல் விடவில்லை. விடுமுறை நாளில் பேருந்து பிடித்துப் பழைய கப்பல் துறைக்குப் போனேன். இப்போது அங்கே ஆடு மேய்கிறது. கப்பல்களை நிறுத்திக் கட்டிய இரண்டு கட்டுதளங்களின் கல் வரிசையும் அப்படியே இருக்கிறது. கப்பலின் மூக்கைத் தாங்குவதற்கு ஒரு கல் தொட்டில் செதுக்கி வைப்பார்கள். மூக்கு ஒல்லி என்பதால் அந்தத் தொட்டிலும் ஒல்லியாக, இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். பின்பக்கத்துத் தொட்டில் அகலமாக, நம் வீட்டு அம்மிக்கல் மாதிரி தட்டையாக இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கப்பல் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று தெரிந்துவிடும். முதல் தளத்தில் ஒல்லித் தொட்டில் ஊர்ப் பக்கம் இருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது தளத்தைப் பற்றி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? எப்படிச் சொல்வது? நானாகப் போய்ச் சொன்னால் நான் முதலில் பேசினதாக ஆகிவிடும். அவர் கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் தயாராகத்தான் வருகிறேன்.

அதோ, உங்கள் வீட்டுக்காரர் தலை தெரிகிறது. மூச்சு வாங்குகிறார், ஆனால் ஏறிவிட்டார். நீங்கள் இறங்கும்போது அண்ணாச்சியிடம் இதைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை, நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இல்லை, நான் சொன்னதாகவே சொல்லலாம். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

அரைகுறைத் தகவலோடு உங்களை அனுப்பக் கூடாது என்பதால் சொல்கிறேன். இரண்டாவது தளத்தில் ஓதம் இறங்கும்வரை காத்திருந்து, முழங்கால் தண்ணீரில் நடந்து போய், பாசியை வழித்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். ஒல்லித் தொட்டில் கடல் பக்கம்தான் இருக்கிறது.